நீலம் சஞ்சீவ ரெட்டி

ஆந்திர நாட்டின் தென்மேற்குப் பகுதியை இராயலசீமை என்பர். அது வானம் பார்த்த பூமி. தென்மேற்குப் பருவக்காற்றுச் சுமந்து வரும் நீரை மேற்குத் தொடர்ச்சி மலை முன்னரே வாங்கிக்கொள்ளும். வடகிழக்குப் பருவக்காற்றோ கடலோரத்தில் பொழிந்துவிட்டு உள்நாட்டை அடையும்போது வறண்டுவிடும். ஆதலின் அங்கு மழை குறைவு, பஞ்சம் மிகுதி. ஐதராபாத்து நிஜாம் 1800ஆம் ஆண்டில் இப்பகுதியைக் கும்பினியாருக்கு விட்டுக்கொடுத்தார். அதுமுதல் அது சென்னை மாகாணத்தோடு சேர்ந்திருந்தது. அங்குள்ள அனந்தப்பூர் மாவட்டத்தில் இல்லூர் என்பது ஒரு சிற்றூர். அவ்வூரில் உழவுத்தொழில் செய்து வாழ்ந்த குடும்பம் ஒன்றில் 1913ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள் நீலம் சஞ்சீவ ரெட்டி பிறந்தார்.

அவர் சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபையார் நடத்திய உயர்நிலைப் பள்ளியில் பயின்று, பின்னர் அனந்தப்பூர் அரசினர் கலைக்கல்லூரியில் சேர்ந்தார். 1929ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் காந்தியடிகள் அனந்தப்பூருக்கு எழுந்தருளினார். அவ்வருகை மாணவராயிருந்த சஞ்சீவ ரெட்டியின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. அந்நிய ஆடையைக் களைந்து கதர் உடுத்தினார். 1931இல் பட்டம் பெறுதற்கு முன்னரே கல்லூரியை விட்டு நீங்கி, மாணவர் அறப்போரில் ஈடுபட்டார். உழவர் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் கல்லூரி வரை செல்வதே அரிதாயிருந்த காலம் அது. கைக்கு எட்டிய கல்வியைத் துறந்து தெருவில் இறங்குதல் பெற்றோர் எளிதில் பொறுக்கும் செயலன்று.

1938இல், இருபத்தைந்தாம் வயதில், அவர் ஆந்திர மாகாணக் காங்கிரஸ் கமிட்டியின் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அப்பொறுப்பைப் பத்து ஆண்டுகள் தாங்கினார். ஆயினும் அவற்றுள் பாதியை அவர் கழித்தது அலுவலகத்திலன்று, சிறைச்சாலையில். 1940 முதல் 1945 வரை இடையிடையே சில திங்கள்களே அவர் வெளியில் இருந்தார். 1942 ஆகஸ்டில், வெள்ளையனே வெளியேறு என்னும் போராட்டம் மூண்டபோது மீண்டும் பிடிபட்டு, மத்திய மாகாணத்து அமராவதி சிறைக்கு அனுப்பப்பெற்றார். அச்சிறையிற் கூடியிருந்தவர்களை எண்ணிப் பார்த்தல் தகும். ஆந்திரகேசரி எனப் போற்றப்பெற்ற த. பிரகாசம் அங்கிருந்தார். நாவன்மை மிக்க சத்தியமூர்த்தி அங்கிருந்தார். பின்னாளில் தமிழகத்தின் முதலமைச்சரான காமராசர் அங்கிருந்தார். தொழிலாளர் தலைவர் வராககிரி வேங்கட கிரியும் அங்கிருந்தார். ஒரே சிறையில் அடைபட்டுக் கிடந்த இவருள் கிரியும் சஞ்சீவ ரெட்டியும் இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னர் நாட்டின் முதல் இருக்கைக்காக ஒருவரையொருவர் எதிர்த்து நிற்பர் என்று அன்று எவர் நினைத்திருப்பார்?

விடுதலைக்குப் பின் அவருடைய ஏற்றம் விரைந்தது. 1946இல் சென்னைச் சட்டசபை உறுப்பினரானார். அரசியல் நிருணய சபையிலும் இடம் பெற்றார். 1949 முதல் 1951 வரை சென்னை மாநில அமைச்சரவையில் மதுவிலக்கு, வீட்டு வசதி, காடுகள் ஆகிய துறைகளைக் கவனித்தார். 1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலோ தம் சொந்த மாவட்டத்திலேயே தோற்றார். அவரை வென்றவர் பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்த தரிமெல நாகி ரெட்டி. அவர் வேறு யாருமல்லர், சஞ்சீவ ரெட்டியின் மைத்துனரே. ஒரே உறவு வட்டத்தில் இருவேறு கொள்கைகள் நின்று பொருத, ஊரார் தம் மனம் போல் தீர்ப்பளித்தனர்.

அக்காலத்தில் தெலுங்கு பேசும் மக்கள் தமக்கெனத் தனி மாநிலம் வேண்டிப் போராடிக்கொண்டிருந்தனர். பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உண்ணாநோன்பிருந்து 1952 டிசம்பர் 15ஆம் நாள் உயிர் துறந்தார். அதன் பயனாக 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் தோன்றியது. கர்நூல் அதன் தலைநகராயிற்று. முதலமைச்சர் பதவி முதியவராகிய பிரகாசத்திற்குச் சென்றது. சஞ்சீவ ரெட்டி துணை முதலமைச்சராக அமைந்தார். பின்னர் 1956 நவம்பர் முதல் நாள் தெலங்கானாவும் இணைந்து ஆந்திரப் பிரதேசம் உருவானபோது, நாற்பத்துமூன்று வயதினராகிய அவரே அதன் முதல் முதலமைச்சரானார்.

புதிய மாநிலத்தை நடத்துதல் எளிதன்று. நிஜாமின் ஆட்சியிலிருந்த மக்களும் ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த மக்களும் ஒரு மொழியினரேயாயினும், நிலவரியிலும் கல்வியிலும் அலுவலர் முறையிலும் வேறுபட்டிருந்தனர். இணைப்புக்கு முன் இருபகுதித் தலைவர்களும் செய்துகொண்ட உடன்பாடு ஒன்று இருந்தது. முதலமைச்சர் ஒரு பகுதியினராயின் துணை முதலமைச்சர் மற்றப் பகுதியினராதல் வேண்டும் என்பது அதன்கண் ஒரு கூறு. சஞ்சீவ ரெட்டி தம் முதல் அமைச்சரவையில் துணை முதலமைச்சர் ஒருவரை அமர்த்தவில்லை. அப்பதவி வேண்டாதது என்பது அவர் கருத்து. நிர்வாகத்திற்கு அது வேண்டாததாக இருந்திருக்கலாம். சிறுபான்மையராய் இணைந்தவர்க்கு அது வாக்குறுதியாயிற்றே! தெலங்கானா மக்கள் நெஞ்சில் நெடுங்காலம் இருந்த மனக்குறைகளுள் இதுவும் ஒன்றாயிற்று.

பாசனத்தில் அவர் காட்டிய ஊக்கமோ இராயலசீமையில் பிறந்தவர்க்கு இயல்பானது. கிருஷ்ணை ஆற்றின் குறுக்கே நாகார்ச்சுன சாகர் அணைக்கு நேரு 1955 டிசம்பரில் அடிக்கல் நாட்டியிருந்தார். அவ்வணையின் பணி சஞ்சீவ ரெட்டியின் ஆட்சியில் வளர்ந்தது. அதே ஆற்றில் அதற்கு மேற்புறத்தே, நல்லமலைக் காட்டின் நடுவே, ஸ்ரீசைலம் அணைக்கு 1963இல் அடிக்கல் நாட்டப்பெற்றதும் அவருடைய இரண்டாம் ஆட்சிக் காலத்திலேயாம். இடையில் 1960 முதல் 1962 வரை முதலமைச்சர் பதவியை விடுத்து, அகில இந்தியக் காங்கிரஸின் தலைவராக இருந்தார்.

1962 மார்ச்சில் மீண்டும் முதலமைச்சரானார். அப்பதவியை அவர் விட்ட வகை சற்று விரித்துரைக்கத் தக்கது. கர்நூல் மாவட்டத்தில் தனியார் நடத்தி வந்த பேருந்து வழிகளை அரசே மேற்கொள்வதற்கு ஒரு திட்டம் வகுக்கப்பெற்றது. அரசியலில் முதலமைச்சரை எதிர்த்தவர்கள் சிலருக்கு அவ்வழிகளில் பேருந்துகள் ஓடின. அவர்களை நலிவிக்கவே கர்நூல் மாவட்டம் முதலில் தேர்ந்தெடுக்கப்பெற்றது என்று பேருந்து உரிமையாளர் வழக்குத் தொடுத்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அக்குற்றச்சாட்டை மறுத்து முதலமைச்சர் தாமே உறுதிமொழிப் பத்திரம் ஒன்றும் தாக்கல் செய்யாதிருந்ததை நீதிபதிகள் எடுத்துக்காட்டி, 1964இல் அத்திட்டத்தைத் தள்ளினர். நீதிமன்றம் அவருக்குத் தண்டனை விதிக்கவில்லை. பதவி விலக வேண்டும் என்றும் கூறவில்லை. சட்டமன்றத்தில் அவருக்குப் பெரும்பான்மை இருந்தது. இருந்தும் அவர் பிப்பிரவரித் திங்களிலேயே பதவியைத் துறந்தார். பதவியைப் பற்றிக்கொள்ளக் காரணம் தேடுவார்க்குக் காரணம் கிடைக்காமற் போவதில்லை. அவர் அதனைத் தேடவில்லை. செய்த செயல் தூயதா என்பதில் ஐயம் இருப்பினும், தீர்ப்புக்குப் பின் நடந்துகொண்ட முறையில் ஐயமில்லை.

அதே ஆண்டு ஜூனில் லால் பகதூர் சாஸ்திரியார் அவரை மத்திய அமைச்சரவையில் சேர்த்து, எஃகு, சுரங்கத் துறையை அளித்தார். இந்திரா காந்தியாரின் முதல் அமைச்சரவையிலும் போக்குவரத்துத் துறை அவரிடம் இருந்தது. 1967இல் இந்துப்பூர்த் தொகுதியினின்று மக்களவைக்கு வந்த அவரை அவை சபாநாயகராகத் தேர்ந்தெடுத்தது. அவ்விருக்கையில் அமர்ந்ததும் முப்பதாண்டுக்கு மேலாகத் தாம் பாடுபட்ட காங்கிரஸ் கட்சியின் உறுப்பினர் பதவியை அவர் விட்டொழித்தார். நடுவுநிலை தவறாதிருக்க விரும்புவோன் தராசின் ஒரு தட்டிலே தானும் நிற்றல் ஆகாதன்றோ? குடியரசுத் தலைவர் உரையாற்றிய அன்றே அரசின்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஒன்றனை விவாதத்திற்கு ஏற்றுக்கொண்டார். ஆளுங் கட்சியினர்க்கு அஃது உவப்பாக இருந்திருக்க முடியாது.

1969 மே 3ஆம் நாள் குடியரசுத் தலைவர் டாக்டர் ஜாகிர் உசேன் திடீரெனக் காலமானார். துணைத் தலைவராயிருந்த கிரி அப்பணியைத் தற்காலிகமாக ஏற்றார். காங்கிரஸ் அப்போது உள்ளூரப் பிளவுபட்டிருந்தது. ஒருபுறம் பிரதமர் இந்திரா காந்தி. மறுபுறம் காமராசர், நிஜலிங்கப்பா முதலிய மூத்த தலைவர்கள். ஜூலைத் திங்களில் பெங்களூரிற் கூடிய கட்சிக் குழுவில் பிரதமர் ஜகஜீவன்ராமின் பெயரைக் கூறினார். பெரும்பான்மையினரோ சஞ்சீவ ரெட்டியைத் தேர்ந்தனர். அவரும் சபாநாயகர் பதவியை விடுத்து வேட்பாளரானார். பிரதமர் அவருக்கு முதலில் உடன்பட்டார்; பின்னர் கிரி சுயேச்சையாக நின்றபோது, கட்சிக் கட்டளையைக் கருதாது மனச்சான்றின்படி வாக்களிக்குமாறு உறுப்பினரை வேண்டினார். குறிப்பறிந்தவர்க்கு அதன் பொருள் விளங்கிற்று. எதிர்க்கட்சிகள் சில சிந்தாமணி தேஷ்முக்கை நிறுத்தின.

இத்தேர்தலில் பொதுமக்கள் நேரே வாக்களிப்பதில்லை. பாராளுமன்ற உறுப்பினரும் மாநிலச் சட்டமன்ற உறுப்பினருமே வாக்காளர். ஒவ்வொரு வாக்குக்கும் கணக்கிட்ட மதிப்பு ஒன்று உண்டு. வாக்காளர் வேட்பாளர் பெயர்களுக்கு எதிரே விருப்ப வரிசைப்படி 1, 2, 3 எனக் குறிப்பர். மொத்த மதிப்பில் பாதிக்கு மேற்பட்டதை ஒருவரும் பெறாவிடின், கடைநின்றாரை நீக்கி அவருடைய சீட்டுகளில் அடுத்த விருப்பம் எவர்க்கோ அவர்க்கு அவ்வாக்குகளைச் சேர்ப்பர். 1969 ஆகஸ்டு 16ஆம் நாள் வாக்குப் பதிவு நடைபெற்றது. 20ஆம் நாள் எண்ணியபோது முதல் விருப்பத்தில் கிரி 4,01,515 மதிப்பும், சஞ்சீவ ரெட்டி 3,13,548 மதிப்பும் பெற்றிருந்தனர். பாதியை எவரும் தாண்டவில்லை. தேஷ்முக்குக்கு விழுந்த சீட்டுகளைப் பிரித்தபோது சஞ்சீவ ரெட்டியின் கணக்குக் கிடுகிடுவென ஏறிற்று, ஏறியும் போதவில்லை. இறுதியிற் கிரிக்கு 4,20,077. சஞ்சீவ ரெட்டிக்கு 4,05,427. பதினாலாயிரத்து அறுநூற்றைம்பதில் பதவி கைநழுவியது. அமராவதிச் சிறைத் தோழர் குடியரசுத் தலைவரானார். அவ்வாண்டிலேயே காங்கிரஸும் இரண்டாகப் பிளந்தது.

தேர்தலில் நிற்பதற்காகச் சபாநாயகர் பதவியை விட்டிருந்தார்; தேர்தலிலும் தோற்றார். வேட்பாளராக்கிய கட்சியோ உடைந்துபோயிற்று. எதிரிகளை இழித்துப் பேசிக்கொண்டு தில்லியிலேயே உழலாமல், அவர் அனந்தப்பூருக்குத் திரும்பி நிலத்தை உழுவித்துப் பயிர்த்தொழிலில் ஈடுபட்டார். ஆறாண்டுகள் கடந்தன. அவருடைய பொதுவாழ்வு முடிந்தது என்றே பலரும் எண்ணினர்.

1975 மே முதல் நாள் ஐதராபாத்தில் ஜெயப்பிரகாச நாராயணருடன் ஒரே மேடையில் தோன்றி அவர் மீண்டும் அரசியலிற் புகுந்தார். அடுத்த மாதமே நெருக்கடி நிலை பிறப்பிக்கப்பெற்றது. 1977 மார்ச்சில் தேர்தல் நடந்தபோது ஜனதாக் கட்சியின் சார்பில் நந்தியால் தொகுதியில் நின்றார். வடநாடு முழுவதும் காங்கிரஸ் வேரோடு சாய்ந்த அத்தேர்தலில், ஆந்திரப் பிரதேசத்தில் மட்டும் 42 இடங்களுள் 41 இடங்களை அக்கட்சியே பெற்றது. எஞ்சிய ஓர் இடம் நந்தியால். அவ்வோர் இடத்தில் வென்றவர் சஞ்சீவ ரெட்டி. மார்ச் 26ஆம் நாள் மக்களவை அவரை ஒருமனதாக மறுமுறையும் சபாநாயகராக்கியது.

அவர் அவ்விருக்கையில் நான்கு திங்கள்கூட முழுமையாக இருக்கவில்லை. குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது பிப்பிரவரியில் மறைந்திருந்தமையால் தேர்தல் வந்தது. இம்முறை காங்கிரஸும் ஏனைய எதிர்க்கட்சிகளும் அவரையே ஏற்றன. மனுச் செய்தோர் முப்பத்தெழுவர். சட்டப்படி செல்லாதன எனத் தள்ளப்பெற்ற மனுக்கள் முப்பத்தாறு. எஞ்சிய ஒரு மனு சஞ்சீவ ரெட்டியுடையது. ஒரு வாக்கும் பதிவாகாமலே 1977 ஜூலை 21ஆம் நாள் அவர் தேர்ந்தெடுக்கப்பெற்றதாக அறிவிக்கப்பெற்றது. 25ஆம் நாள் பதவி ஏற்றார். அந்த ஆகஸ்டிலேயே, ஏழை நாட்டில் இத்துணை ஆடம்பரம் தகாது என்று கருதி, தம் ஊதியத்தில் நூற்றுக்கு எழுபது விழுக்காட்டைக் குறைத்துக்கொள்வதாக அறிவித்தார்.

குடியரசுத் தலைவர் பதவியின் இயல்பை இங்கு அறிந்துகொள்ளுதல் வேண்டும். சட்டங்கள் அவர் கையொப்பத்தால் நடைமுறைக்கு வரும். படைகள் அவரைத் தலைவராகக் கொள்ளும். அரசாணைகள் அவர் பெயரால் வெளிவரும். ஆயினும் இவற்றை அவர் அமைச்சரவையின் அறிவுரைப்படியே செய்வார். 1976இல் நிறைவேறிய 42ஆம் திருத்தம் இதனை வெளிப்படையாக வற்புறுத்தியது. 1978இல் நிறைவேறிய 44ஆம் திருத்தம், அறிவுரையை ஒருமுறை மறு ஆய்வுக்கு அனுப்பலாம் என்று சிறிது இடந்தந்தது. ஆயின், அறிவுரை கூறும் அமைச்சரவையே கவிழ்ந்து, அடுத்து எவரை அழைப்பது என்பது தெளிவாகாதபோது என் செய்வது? அவ்வமயம் அவர் தம் அறிவையே துணைக்கொள்ள வேண்டும். அத்தகைய வேளை அவருக்கு முன் இருந்த தலைவர் எவர்க்கும் வாய்த்ததில்லை. அது சஞ்சீவ ரெட்டிக்கு வந்தது.

1979 ஜூலையில் ஜனதாக் கட்சி உடைந்தது. பெரும்பான்மையை இழந்த பிரதமர் மொரார்ஜி தேசாய் 15ஆம் நாள் பதவி விலகினார். குடியரசுத் தலைவர் முதலில் எதிர்க்கட்சித் தலைவர் யஷ்வந்தராவ் சவாணை அழைத்தார். அவரால் அமைச்சரவை அமைக்க இயலவில்லை. பின்னர் மொரார்ஜி தேசாயும் சரண் சிங்கும் தத்தம் ஆதரவாளர் பட்டியலைத் தருக என்றார். இருவரும் தந்தனர். பட்டியல்களை ஒத்துப் பார்த்ததில் சரண் சிங்கின் பக்கமே கூடுதலாயிருந்தது. ஜூலை 28ஆம் நாள் அவரைப் பிரதமராக்கி, ஆகஸ்டுக்குள் மக்களவையில் பெரும்பான்மையை மெய்ப்பிக்குமாறு கூறினார். சரண் சிங்குக்கு ஆதரவளித்த கட்சிகளுள் இந்திரா காந்தியாரின் கட்சியும் ஒன்று. அவை கூடும் வேளையில் அக்கட்சி ஆதரவை விலக்கிக்கொண்டது. ஆகஸ்டு 20ஆம் நாள் அவையை ஒருமுறையேனும் சந்தியாமலே சரண் சிங் விலகினார். விலகுமுன் மக்களவையைக் கலைத்துவிடுமாறு பரிந்துரைத்தார்.

அப்போது ஜனதாக் கட்சியின் தலைவராயிருந்தவர் ஜகஜீவன்ராம். தமக்கு ஒரு வாய்ப்பளித்தால் பெரும்பான்மையைக் காட்டுவதாக அவர் வாதிட்டார். பத்தாண்டுகட்கு முன்னர்ப் பெங்களூரில் சஞ்சீவ ரெட்டிக்கு மாற்றாகக் கூறப்பெற்ற பெயரும் அவருடையதே. தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த ஒருவர் பிரதமராகும் வாய்ப்பு முதன்முறையாக நெருங்கி வந்திருந்தது. குடியரசுத் தலைவர் அவரை அழைக்கவில்லை. ஆகஸ்டு 22ஆம் நாள் மக்களவையைக் கலைத்தார். புதுத் தேர்தல் வரை சரண் சிங்கே காப்பு அரசை நடத்தினார்.

நாடெங்கும் இதுபற்றிப் பெரும் பூசல் எழுந்தது. மக்களவையின் நம்பிக்கையை ஒருநாளும் பெற்றறியாத பிரதமர் ஒருவரின் சொற்கேட்டு அவையைக் கலைக்கலாமா என்று ஒரு சாரார் வினவினர். கட்சி மாறும் உறுப்பினரை நம்பி மூன்றாமவர் ஒருவரை அமர்த்தினால் அவரும் சில நாளிலே வீழ்வர். குழப்பத்தைத் தீர்க்கும் உரிமை மக்களுக்கே உண்டு என்று மற்றொரு சாரார் கூறினர். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆயினும் ஜகஜீவன்ராம் காட்டிய பெரும்பான்மை மெய்யோ பொய்யோ என்பதை ஒரு நாள் அவையில் எண்ணிப் பார்த்திருந்தால் ஐயம் நீங்கியிருக்கும். பட்டியல்களைக் கேட்டு வாங்கி எண்ணியவர், இறுதியில் எண்ணாமலே முடிவு செய்தது விளங்காத புதிராகவே நிற்கின்றது. அவருடைய அஞ்சாமையை ஒப்புவோரும் அம்முடிவை ஒப்புவதில் தயங்குவர்.

தேர்தலில் இந்திரா காந்தியார் பெருவெற்றி பெற்றார். 1980 ஜனவரி 14ஆம் நாள் அவருக்குப் பிரதமர் பதவிப் பிரமாணம் செய்துவைத்தவர் சஞ்சீவ ரெட்டி. 1969இல் தம் தோல்விக்கு வழிகோலியவர் முன்னே நிற்க, பிரமாண வாசகங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்கும் கடமை அவரைச் சேர்ந்தது. மொரார்ஜி தேசாய், சரண் சிங், இந்திரா காந்தி என்னும் மூன்று பிரதமர்களின் ஆட்சியை அவர் ஒரே பதவிக்காலத்திற் கண்டார். எஞ்சிய இரண்டரை ஆண்டுகளும் பூசலின்றிக் கழிந்தன.

1982 ஜூலை 25ஆம் நாள் ஜெயில் சிங் அவருக்குப்பின் பொறுப்பேற்றார். விடைபெறும்போது நாட்டு மக்களுக்கு ஆற்றிய உரையில், மாறி மாறி வந்த அரசுகள் ஏழை மக்களின் வாழ்வை உயர்த்தத் தவறின என்பதையும், ஆள்வோர் நெறி பிறழாதிருக்க வலிமையான எதிர்க்கட்சி வேண்டும் என்பதையும் மறைக்காது கூறினார். பின்னர் தென்னாட்டுக்குத் திரும்பினார். தம் பதவிக்கால நினைவுகளை ஆங்கிலத்தில் நூலாக எழுதி 1989இல் வெளியிட்டார். 1996 ஜூன் முதல் நாள் பெங்களூரில் எண்பத்துமூன்றாம் வயதில் உயிர் நீத்தார்.

அவர் முதலமைச்சராயிருந்தபோது அடிக்கல் நாட்டப்பெற்ற ஸ்ரீசைலம் நீர்த்தேக்கம் அவர் பெயரால் நீலம் சஞ்சீவ ரெட்டி சாகர் எனப் பின்னர் வழங்கலாயிற்று. கிருஷ்ணையாற்று நீரை அந்நீர்த்தேக்கத்திலிருந்து கால்வாய் வழியாக இராயலசீமைக்கும் அதற்கப்பால் சென்னைக்கும் கொண்டு செல்லுவது தெலுங்கு கங்கைத் திட்டம். அந்நீர் வறண்ட சீமையைக் கடந்து முதன்முறையாகப் பூண்டி ஏரியில் வந்து விழுந்தது, அவர் மறைந்த 1996ஆம் ஆண்டிலேயே.